மேற்குப் பார்த்த பால்கனி, 14 தொட்டி, ஒரு கம்போஸ்ட் வாளி: கத்திரி வெயிலில் எதைக் காப்பாற்றுவது?

ஃபிசிக்ஸ்டீச்சர்_வேலூர் | மே 9, மாலை 5.50

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். நாற்பது நிமிடப் பாடவேளைக்குப் பழகிய வாய், சுருக்கமாகச் சொல்ல வராது.

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். அந்த மலை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணி வரை எங்கள் மேல் திருப்பிக் கொட்டும். வாடகை வீடு, இரண்டாம் மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. 11 அடி நீளம், 4 அடி அகலம். தை மாதம் ஆரம்பித்தேன். தக்காளி 4, வெண்டை 4, மிளகாய் 2, கத்தரி 1, புதர் பீன்ஸ் 1, கீரைக்கு 2. கத்தரிக்கு மட்டும் மண்தொட்டி, மற்றதெல்லாம் 15 லிட்டர் கறுப்புப் பை. கலவையில் பாதி தென்னைநார்க் கழிவு, கால் பங்கு செம்மண், கால் பங்கு மண்புழு உரம்.

பங்குனி வரை ராஜவாழ்க்கை. மூன்றரைக் கிலோ தக்காளி எடுத்தேன். எடை போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பொய்யில்லை. சித்திரை பிறந்ததும் சனி பிடித்தது. தக்காளிப் பூ காலையில் விரிகிறது, மறுநாள் காம்போடு தரையில் கிடக்கிறது. வெண்டை இலை ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி பழுப்பு. பீன்ஸ் ஒரே வாரத்தில் மொத்தமாகக் காய்ந்துபோனது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஒரு வேளையை மூன்று வேளையாக்கினேன். ஒரு பைக்கு நாளைக்கு மொத்தம் ஒன்றரை லிட்டர். ஊற்றிய கையோடு பார்த்தாலும் தொங்கிக்கொண்டுதான் நிற்கிறது. மண்ணில் விரலை விட்டால் ஈரம் இருக்கிறது. ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிற செடியை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

பள்ளி ஆய்வகத்திலிருந்து சொல்லிவிட்டு எடுத்து வந்த தெர்மாமீட்டர் கைவசம் இருக்கிறது. நேற்று மாலை 4 மணிக்கு, 5 செ.மீ. ஆழத்தில், மேற்கு ஓரத்துக் கறுப்புப் பையில் 47 டிகிரி. அதே நேரம் சுவரோரம் உள்ள மண்தொட்டியில் 37. நிழலில் காற்று 40. காற்றைவிட மண் சூடு!

அடுத்தது கம்போஸ்ட். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு, சமையலறைக் கழிவை ஒன்றரை மாதமாகப் போட்டு வருகிறேன். மார்ச்சில் ஒழுங்காக இருந்தது. இப்போது திறந்தால் அழுகிய முட்டை வாடை. அதோடு அரை அங்குல நீளத்தில், தட்டையாக, சாம்பல் நிறப் புழுக்கள் நூற்றுக்கணக்கில். போன வெள்ளிக்கிழமை அதில் ஏழெட்டு ஊர்வலமாகக் கிளம்பி ஹாலுக்கே வந்துவிட்டன. என் மாமியார் சத்தம் போடாமல் சமையலறைக்குப் போய்க் கல் உப்பு ஒரு கை அள்ளி வந்து வாளிக்குள் தூவிவிட்டார். அட்டைக்கு வேலை செய்யும் வைத்தியம் இதற்கும் செய்யும் என்பது அவர் கணக்கு. செய்யவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஏப்ரல் 19ஆம் தேதி என் பைகளிலிருந்து வழிந்த தென்னைநார்ச் சாயத் தண்ணீர், கீழ்வீட்டு அக்கா பிழிந்து காயப்போட்டிருந்த கூழ் வடகத்தின் மேல் சொட்டிவிட்டது. இரண்டு கிலோ அரிசி வடகம், தேநீர் நிறத்தில். அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று முதல் எல்லாப் பைக்கும் அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்துவிட்டேன், ஒரு சொட்டு கீழே இறங்குவதில்லை.

நிழல்வலை போட்டால் போதுமா? எந்தெந்தச் செடியை விட்டுவிடலாம்? வாளிப் புழுவை என்ன செய்வது? இல்லை, ஆடி வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடலாமா?


மொட்டைமாடி_மதுரை | மே 9, இரவு 9.15

டீச்சரம்மா, வடகத்துக்கு நஷ்டஈடு கொடுத்தீர்களா, அதை முதலில் சொல்லுங்கள்.

தக்காளியை மறந்துவிடுங்கள். பகலில் 35க்கு மேல் போய், ராத்திரியும் 25க்குக் கீழே இறங்காவிட்டால் பூவில் மகரந்தம் வேலை செய்யாது. பூக்கும், கொட்டும், பூக்கும், கொட்டும். பஞ்சகவ்யம் அடி, மோர் அடி என்று யாராவது சொல்வார்கள், அடித்துவிட்டு அதே தரையைக் கூட்டுவீர்கள். செடி திடமாக இருந்தால் பாதிக்கு வெட்டிவிட்டு ஓரத்தில் வையுங்கள். இல்லையா, பிடுங்கி வாளியில் போடுங்கள், மட்கட்டும்.

கறுப்புப் பை 47 என்று அளந்தீர்களே, அதுதான் விஷயம். வேருக்கு 35 தாண்டினாலே கஷ்டம். நான் 11 வருஷமாக மொட்டைமாடியில் போடுகிறேன், முதல் மூன்று வருஷம் வெயிலில் இலையைக் காப்பாற்றப் பாடுபட்டேன், நான்காவது வருஷம்தான் வேரைக் காப்பாற்ற வேண்டும் என்று புத்தி வந்தது. அரிசிக்கடையில் பழைய கோணிச்சாக்கு கிடைக்கும். பையைச் சுற்றிக் கட்டி, மதியம் ஒரு தடவை சாக்கை மட்டும் நனையுங்கள், செடிக்கு ஊற்ற வேண்டாம். பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பைகளை டைல்ஸ் மேல் வைக்காமல் இரண்டிரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மேலே மண் தெரியக் கூடாது. சருகோ, தேங்காய் மட்டையோ, கரும்புச் சோகையோ நாலு விரல்கடை மூடாக்குப் போடுங்கள்.

நிழல்வலை, வெயிலில் 50 சதவீதத்தை மறைக்கிற வகை போதும். கடைக்காரர் 75 தருவார், வாங்காதீர்கள், காய்க்கிற செடிக்கு வெளிச்சம் பத்தாது. வாடகை வீட்டில் துளை போட வேண்டாம். கம்பியில் கட்டித் திரை மாதிரி இழுக்கிற வகையாக வையுங்கள். மேற்குப் பக்கம் என்பதால் காலையில் திறந்துவிட்டு மதியம் ஒரு மணிக்கு மூடினால் சரி. வலை வாங்கும் வரை பழைய நூல் சேலை ஒன்று போதும், பாலியஸ்டர் வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்தேன். சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது எந்தக் குழாயிலிருந்து பிடிக்கிறீர்கள்? மாடித் தொட்டித் தண்ணீர் நாலு மணிக்குக் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அதை ஊற்றினால் தண்ணீர் விடுவது இல்லை, வடித்துக் கொட்டுவது.


கீரைக்கட்டு | மே 10, காலை 6.40

அக்கா, நான் கோவை. எங்கள் ஊர் வெயிலை உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் கம்போஸ்ட் மட்டும் பேசுகிறேன்.

ஒரு கேள்வி. ஏப்ரல் முதல் வீட்டில் தர்பூசணி, வெள்ளரி, மாம்பழம்தானே ஓடுகிறது? அதுதான் உங்கள் வாளியின் வியாதி. தர்பூசணித் தோல் தோல் வடிவத்தில் இருக்கிற தண்ணீர். மார்ச்சில் வெங்காயச் சருகும் கீரைத்தண்டும் போட்டபோது ஒழுங்காக இருந்த அதே வாளியில் இப்போது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். அடியில் காற்று போகாமல் அழுகுகிறது, முட்டை வாடை அதிலிருந்துதான்.

அந்தப் புழு கெட்டது இல்லை அக்கா. கருப்பு நிறத்தில் குளவி மாதிரி ஒரு ஈ இருக்கும், கடிக்காது, சாப்பாட்டில் மொய்க்காது, அதன் புழு. நம் வாளிக்கு அதைவிட வேகமான வேலைக்காரன் கிடையாது. முழுதாக வளர்ந்ததும் கூட்டுப்புழுவாக மாற உலர்ந்த இடம் தேடி வெளியே போகும். உங்கள் ஹாலுக்கு வந்தவை அவைதான், ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறவை. வாளி வாயை மெல்லிய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினால் ஊர்வலம் நிற்கும். ஈரம் குறைந்தால் புழுவும் தானாகக் குறையும். ஆனால் உப்பு போட்ட வாளி எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் செடிக்குப் போடாமல் தனியாக வையுங்கள். மழைக்காலத்தில் நாலு மழை அதன்மேல் பெய்யட்டும், அப்புறம் பார்க்கலாம்.

புது வாளிக்கு என் வழி: தர்பூசணித் தோலைச் சின்னதாக நறுக்கி, ஒரு தட்டில் பரப்பி, பால்கனிக் கைப்பிடிச் சுவரில் ஒரு நாள் வையுங்கள். வேலூர் வெயிலில் மாலைக்குள் வற்றல் ஆகிவிடும். வெயிலுக்கு நாம் இவ்வளவு பயப்படுகிறோமே, அதுவும் நமக்கு ஒரு வேலை செய்துவிட்டுப் போகட்டும். (வெள்ளைப் பகுதியைப் பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைக்கலாம், பூசணிக்காய் என்று சொல்லிப் பரிமாறினால் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.) மாங்கொட்டையை வாளியில் போடாதீர்கள், அடுத்த மாம்பழ சீசன் வரை அப்படியே இருக்கும்.

ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு ஒன்றரைக் கிண்ணம் உலர்ந்தது. உலர்ந்தது என்றால் சருகு, கிழித்த முட்டை அட்டை, கழுவிய தென்னைநார்த் தூள், மரக்கடை ரம்பத்தூள், எது கிடைக்கிறதோ அது. வேம்பும் புங்கனும் மாசி பங்குனியில் இலையைக் கொட்டும்போதே இரண்டு சாக்கு அள்ளி வைத்துவிட வேண்டும். இப்போது போய்த் தேடினால் மரம் முழுக்கக் கொழுந்துதான் இருக்கும். கரும்புச்சாறு வண்டியில் சக்கையைச் சும்மா தருவார்கள், ஆனால் ஒரு நாள் காயவைத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வீடு கட்டும்.

ஈரம் சரியா என்று பார்க்க பிடிகொழுக்கட்டை கணக்கு. கையில் எடுத்துப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், வழிந்தால் சருகு போடுங்கள். வாரம் இரண்டு முறை ஒரு கம்பியால் அடிவரை கிளறுங்கள். இந்தச் சூட்டில் 45 முதல் 60 நாளில் ஆகிவிடும், அதற்கு மேல் இரண்டு வாரம் சும்மா ஆறவிட்டுச் சலித்தால் நல்லது.

புளித்த மோர் ஊற்றினால் சீக்கிரம் மட்கும் என்பார்கள். நானும் ஊற்றுகிறேன், ஊற்றாத வாளியும் அதே நாளில்தான் மட்கியது. மோர் மிச்சமானால் ஊற்றுங்கள், அதற்காகத் தயிர் வாங்காதீர்கள். மண்புழு வாங்கி விடலாம் என்ற யோசனை இருந்தால் இப்போது வேண்டாம், 35க்கு மேல் போனால் பாவம் செத்துப்போகும்.


ஷார்ஜாபால்கனி | மே 10, காலை 11.05

இங்கே நாங்கள் மே மாதத்தோடு கடையை மூடிவிடுவோம். அக்டோபரில் விதைப்பது, ஏப்ரல் கடைசி வரை சாப்பிடுவது. தக்காளியும் பீன்ஸும் எங்களுக்குக் குளிர்காலக் காய். வெயிலில் பால்கனியில் நிற்பது கறிவேப்பிலை, பசலைக்கொடி, ஒரு முருங்கை. முருங்கை வீட்டுக்கு ஆகாது என்று அம்மா போனில் சொல்வார், இது வீடு இல்லை ஃப்ளாட் என்று நான் சொல்வேன். மூட்டை கட்டுவது தோல்வி இல்லை மேடம். ஏசியின் வெளிப்பெட்டி பால்கனியில் இருந்தால் அதன் முன்னால் மட்டும் எதையும் வைக்காதீர்கள். அது ஊதுவது வெயிலைவிட மோசம்.


உப்பளம் | மே 10, மதியம் 2.30

வணக்கம் டீச்சர். தூத்துக்குடி. பிறந்தது உப்பிலே, பார்ப்பதும் உப்புத் தொழில், அதனால் எனக்கு எதைப் பார்த்தாலும் உப்பாகத்தான் தெரியும் என்று வீட்டில் சொல்வார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பூ கொட்டுவது வெயில். அதில் மதுரை அண்ணன் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மண் ஈரமாக இருக்கும்போது செடி தொங்குகிறது, இலையின் ஓரம் மட்டும் தீய்கிறது, எல்லாவற்றுக்கும் முன்னால் பீன்ஸ் செத்தது என்கிறீர்களே, இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு வேறு சந்தேகம். வெயில் எரித்தால் வெயில் படுகிற பக்கத்தில் இலை நடுவிலேயே வெளுத்துத் திட்டாகும், ஓரம் பார்த்து எரிக்காது. உப்பு தாங்காத செடிகளில் பீன்ஸ்தான் முதல் பலி.

இரண்டு கேள்வி. பையின் உள்விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் பொருக்கு இருக்கிறதா? செடிக்கு ஊற்றுவது என்ன தண்ணீர்?


ஃபிசிக்ஸ்டீச்சர்_வேலூர் | மே 10, மாலை 4.45

உப்பளம் சார், பொருக்கு இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தது மாதிரி. மண்புழு உரத்தின் சத்து மேலே வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வீட்டில் ஆர்ஓ இயந்திரம் இருக்கிறது. ஒரு லிட்டர் குடிக்கத் தந்தால் இரண்டு லிட்டரை வெளியே தள்ளும். அதை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்து நான்கு மாதமாகச் செடிக்குத்தான் ஊற்றுகிறேன். பள்ளியில் தண்ணீர் சேமிப்பு பற்றி மேடையில் இதையே உதாரணமாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இன்று பக்கத்து வீட்டுத் தம்பியிடம் டிடிஎஸ் மீட்டர் (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) வாங்கி அளந்தேன். எங்கள் போர் தண்ணீர் 1,150. ஆர்ஓ கழிவு 1,700. மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் 310. ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் 24!

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1,700 என்றால் லிட்டருக்கு 1.7 கிராம். ஒரு பைக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர், அதாவது இரண்டரை கிராம். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு எங்கே போகும்? முன்பாவது அடியில் வழிந்து கொஞ்சம் வெளியேறியிருக்கும். வடகச் சம்பவத்துக்குப் பிறகு தட்டு வைத்து அந்த வழியையும் நானே அடைத்தேன். 20 நாளில் ஒரு பைக்கு 50 கிராம். சாம்பாருக்குப் போடுகிற அளவு இல்லை இது, ஊறுகாய்க்குப் போடுகிற அளவு. தாகமாக இருக்கிறது போல என்று மூன்று வேளையும் ஊட்டியது நான்தான். சவ்வூடு பரவலை, அதாவது வெளியே உப்பு அதிகமானால் அது உள்ளே இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்வதை, நான் பதினைந்து வருஷமாக உருளைக்கிழங்கையும் உப்புக் கரைசலையும் வைத்து நடத்துகிறேன். அதே சோதனை என் பால்கனியில் 13 பையில் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

மாமியாரின் ஒரு கை உப்புக்கு நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.


உப்பளம் | மே 10, இரவு 8.20

டீச்சர், கணக்கை நீங்களே முடித்துவிட்டீர்கள், எனக்கு வேலை இல்லை. அந்த உப்பு முழுவதும் சமையல் உப்பு கிடையாது, சுண்ணாம்பு வகையும் இருக்கும், அதுதான் வெள்ளைப் பொருக்காக மேலே படிகிறது. அதைச் சுரண்டி எடுத்து வெளியே போடுங்கள்.

பிறகு அலசுவது. 15 லிட்டர் பைக்கு 30 லிட்டர் காவிரித் தண்ணீர், மெதுவாக, மூன்று தவணையாக. தவணைக்கு இடையில் அரை மணி நேரம் விடுங்கள், உப்பு கரைந்து இறங்க நேரம் வேண்டும். அடியில் வடிவதை மீட்டரில் பார்த்துக்கொண்டே வாருங்கள், 1,000க்குக் கீழே வந்தால் நிறுத்தலாம். மாலையில் செய்யுங்கள். பால்கனியில் செய்யாதீர்கள், காரணம் உங்களுக்கே தெரியும்.

அலசினால் உப்போடு சத்தும் போய்விடும். ஒரு வாரம் கழித்து, புது இலை எட்டிப்பார்த்த பிறகு, ஒரு கை மண்புழு உரம் கொடுங்கள். உடனே கொடுக்காதீர்கள், சத்தும் ஒரு வகையில் உப்புதான். இனிமேல் காவிரி வராத நாளில் போர் தண்ணீரில் ஏசித் தண்ணீரைக் கலந்து ஊற்றுங்கள். தட்டு இருக்கட்டும், ஆனால் அதில் தேங்குவதை அன்றன்றைக்கு எடுத்துக் கொட்டிவிட வேண்டும். ஆர்ஓ கழிவு வீடு துடைக்க, கழிவறைக்கு. மேடையில் சொல்ல அதுவும் நல்ல உதாரணம்தான்.

தென்னைநார்க் கட்டி வாங்கும்போதும் கவனம். சில சமயம் அதிலேயே உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து இரண்டு தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் கலக்க வேண்டும். முதல் தண்ணீரில் இறங்குகிற சாயமும் அப்போதே போய்விடும். வடகமும் தப்பித்திருக்கும்.


மொட்டைமாடி_மதுரை | மே 11, காலை 5.55

தூத்துக்குடித் தம்பி, நான் இலையைப் பார்த்தேன், வேரைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்காமல் விட்டேன். சூடா என்று கேட்டேனே தவிர உப்பா என்று கேட்கத் தோன்றவில்லை. நன்றாகச் சொன்னீர்கள்.

டீச்சரம்மா, வேலூரில் உட்கார்ந்துகொண்டு மே மாதத்தில் தக்காளிக்கு அழுகிறீர்கள். உங்கள் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அணைக்கட்டு ஊர்ப் பக்கம் போய் ஒரு விவசாயியிடம் முற்றிய பழம் ஒன்று வாங்குங்கள், அதில் ஐம்பது வீட்டுக்கு விதை இருக்கும். காம்பிலும் இலையிலும் முள் குத்தும், எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தால் குத்தியதை மறந்துவிடுவீர்கள். நாற்று விட்டு முப்பது முப்பத்தைந்து நாளில் பிடுங்கி நடலாம், ஆடிப்பட்டத்துக்குச் சரியாக வரும். அதுவரை காலிப் பைகளில் தண்டுக்கீரை, பருப்புக்கீரை, கொத்தவரை. பருப்புக்கீரை வெயிலையும் தாங்கும், உப்பையும் தாங்கும், நீங்கள் கொடுமைப்படுத்தினாலும் தாங்கும்.


ஃபிசிக்ஸ்டீச்சர்_வேலூர் | ஜூன் 21, மாலை 6.30

பள்ளி திறந்துவிட்டதால் தாமதம்.

அலசியதைச் சொல்கிறேன். பதிமூன்று பை, பைக்கு 30 லிட்டர் என்றால் 390 லிட்டர். பீன்ஸ் பையையும் தக்காளி இரண்டையும் கலைத்துவிட்டேன், அதனால் பத்து. காவிரித் தண்ணீர் முறை வருகிற நாளாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்துக் குளியலறைக்குத் தூக்கிப் போய், ஸ்டூல் மேல் வைத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது மாதிரி மூன்று மூன்று தவணை. ஒரு நாளைக்கு மூன்று பைக்கு மேல் என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் வடிந்தது 4,600. நான் சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள் என்று மாமியாரிடம் ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினேன் (யாரும் செய்யாதீர்கள், உரம் கலந்த தண்ணீர்). 900க்கு வந்ததும் நிறுத்தினேன்.

வெண்டை நான்கில் மூன்று பிழைத்தது. பழைய இலை பழுப்பாகவே இருந்து உதிர்ந்தது, பன்னிரண்டாம் நாள் ஓரம் தீயாத முதல் புது இலை வந்தது. அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பிறந்த குழந்தைக்குக்கூட இத்தனை படம் எடுத்ததில்லை. நான்காவது செடியில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலை மாதிரி ஆனது. வெள்ளை ஈ கொண்டுவரும் நோய் என்று தெரிந்துகொண்டு பிடுங்கிவிட்டேன். மிளகாய் இரண்டும் பூ விட்டிருக்கிறது. பாதிக்கு வெட்டிய தக்காளி இரண்டில் ஒன்று துளிர்த்தது, இன்னொன்று வெட்டியதையே சாக்காக வைத்துப் போய்ச் சேர்ந்தது.

கோணிச்சாக்கு பரிசோதனை: ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்துப் பை இரண்டு, மே 16 மாலை 4 மணி. சாக்கு இல்லாதது 46, நனைத்த சாக்கு சுற்றியது 37, நனைக்காத சாக்கு சுற்றியதை மறுநாள் அளந்தபோது 41. வலையும் வாங்கினேன். கடைக்காரர் 75தான் எடுத்து நீட்டினார்.

மாடித் தொட்டித் தண்ணீரையும் அளந்தேன் மதுரை ஐயா, மாலை நான்கரைக்கு 44. இப்போது ராத்திரியே இரண்டு வாளி பிடித்து வைத்துக் காலை ஆறு மணிக்கு ஊற்றுகிறேன், ஒரே வேளை.

கம்போஸ்ட் இப்போது மாமியார் வசம். தர்பூசணி வற்றல் போடுவது அவருக்குப் பிடித்துவிட்டது, மாங்காய்த் தோலும் நறுக்கிக் காயவைக்கிறார். என்னைவிட ஒழுங்கு. கிளறுவதற்கு என்று செவ்வாயும் சனியும் ஒதுக்கியிருக்கிறார். புழு கொஞ்சம் இருக்கிறது, துணிக் கட்டைத் தாண்டுவதில்லை. உப்பு வாளி மொட்டைமாடியில் மழைக்குக் காத்திருக்கிறது. மே கடைசியில் இடியோடு ஒரு மழை பெய்து அதில் ஒரு பங்கு போயிருக்கும்.

கீழ்வீட்டு அக்காவுக்கு முதல் கட்டுத் தண்டுக்கீரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இது சாயம் போகாதே?" என்று கேட்டார். சரி, ராசியாகிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் அவரே மொட்டைமாடியிலிருந்து காய்ந்த தென்னை மட்டை இரண்டு தூக்கி வந்து தந்தார், மூடாக்குக்கு ஆகுமே என்று.

இலவம்பாடிப் பழம் கிடைத்தது. ஜூன் 5 விதைத்தேன், 30 விதையில் 24 முளைத்திருக்கிறது, இப்போதே இரண்டு இலையில் முள் பொடிசாகத் தெரிகிறது. நாற்று எடுத்து நடும்போது 15 லிட்டர் பைக்கு ஒன்றா, இரண்டா?


மொட்டைமாடி_மதுரை | ஜூன் 21, இரவு 8.50

ஒன்று. அது புதராகப் பரவும். மீதியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுங்கள், இரண்டு கிலோ வடகக் கடன் இன்னும் அடையவில்லை.